இருப்பதா, புறப்படுவதா? மழைக்கு முன் ஒரு பாடம்



வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இம்மாதப் பாடமாக அதை எழுதுகிறோம்.

சென்ற மழையில் ஒரு மாலை, தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் மதரஸா கட்டடத்துக்கு வந்துவிடுமாறு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். பலர் வந்தார்கள். எல்லோரும் வந்துவிட்டதாகவே நாங்கள் நினைத்தோம். ஒரு வீட்டில் தாயும் மகளும் தங்கிவிட்டது இரவு பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. கணவர் மவுத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. "இத்தாவில் இருக்கிறவள் வாசலைத் தாண்டக் கூடாது" என்று அந்தத் தாய் மறுத்திருக்கிறார். உம்மாவை விட்டு வர மகளுக்கு மனமில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, இளைஞர்கள் நால்வர் கயிறு பிடித்துப் போய் அவர்களைப் பக்கத்து வீட்டு மாடியில் ஏற்றினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் ஆறு உயிர்கள் ஆபத்தில் இருந்தன. அந்தத் தாயை நாம் குறை சொல்ல முடியாது. மார்க்கம் அவருக்குத் தந்திருக்கும் சலுகையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாதது எங்கள் குறை.

இரண்டுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு

வீட்டிலேயே இருப்பதுதான் தவக்குல் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளியேறுவது ஈமானின் பலவீனம் என்றும் பேசுகிறார்கள். இது சரியல்ல.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் உடனே முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷிப் பெரியவர்களையும் தனித்தனியே அழைத்து மஷூரா செய்தார்கள். முதல் இரு சாராரிடம் கருத்து வேறுபாடு இருந்தது. பெரியவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதில் சொன்னார்கள். பிறகு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி), இதுபற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை அறிவித்தார்கள்: நோய் உள்ள ஊருக்குள் நுழையக் கூடாது, இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறவும் கூடாது. இச்சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது.

குளிரும் மழையுமான இரவுகளில், மக்கள் தங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளட்டும் என்று பாங்குடன் அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும் ஹதீஸ்களில் காண்கிறோம். ஜமாஅத் தொழுகைக்கே இந்தச் சலுகை இருக்கிறது.

ஆக, ஓரிடத்தில் தங்குவது பாதுகாப்பு. வேறிடத்தில் விலகுவது பாதுகாப்பு. எந்த ஆபத்து, நம் வீடு எங்கே இருக்கிறது, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காயல்பட்டினம் தந்த பாடம்

24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. இதுவரை வராத தண்ணீர் இனியும் வராது என்ற கணக்கு இனி உதவாது.

அதே மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி அரித்துப்போயிருந்தது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம் ஓடும்போது இறங்கி நடப்பதுதான் ஆபத்து. அதனால் அவர்களில் பெரும்பாலோர் ரயிலிலேயே தங்கினார்கள், பின்னர் மீட்கப்பட்டார்கள். புறப்படும் நேரம் கடந்துவிட்டால், உயரமான இடத்தில் தங்குவதே சரி.

எப்போது புறப்பட வேண்டும்?

கடற்கரை, ஆற்றங்கரை, ஏரிக்கரை, பள்ளமான தெரு ஆகிய இடங்களில் இருப்பவர்களும், குடிசை, ஓட்டு வீடு, விரிசல் விட்ட வீடுகளில் இருப்பவர்களும் எச்சரிக்கை வந்ததுமே, வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட வேண்டும். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் வாதம் செய்யக் கூடாது. நிலநடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேடான இடத்துக்கு ஓட வேண்டும்.

எப்போது தங்க வேண்டும்?

மேட்டில் உறுதியான கான்கிரீட் வீடு இருந்தால் தங்கலாம். புயல் காற்று வீசத் தொடங்கிய பின் யாரும் வெளியே போகக் கூடாது. சன்னல் இல்லாத உள்ளறையில் இருக்க வேண்டும். காற்று சட்டென்று அடங்கினால் புயலின் கண் நம் மேல் கடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். வெள்ளம் தெருவில் ஓடத் தொடங்கிவிட்டால் மாடிக்குப் போங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். இரண்டு அடி இருந்தால் காரையே மிதக்கவைக்கும். தண்ணீர் வீட்டுக்குள் வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள்.

மறுப்பவர்களுக்கு

இத்தாவில் இருக்கும் பெண், வீடு இடியும், வெள்ளத்தில் மூழ்கும், உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் இருந்தால் பாதுகாப்பான வேறு இடத்துக்கு மாறலாம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இதற்கு அனுமதி உண்டு. போன இடத்தில் இத்தாவைத் தொடரலாம். கூடுதல் விவரம் வேண்டுவோர் இமாம் அவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"முகாமில் பர்தா எப்படி?" என்று சகோதரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மதரஸாவின் மாடியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம், கழிப்பறையும் தனி.

நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் தங்குகிறவர்கள், அவற்றை இப்போதே பாலிதீன் உறையில் போட்டு ஒரே பையில் வைத்துவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், ஒரு வாரத்துக்கான மருந்து, டார்ச் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆடு, கோழி வைத்திருப்பவர்கள் கட்டவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.

இந்த ஜும்ஆவுக்குள்

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே போவது, எந்த வழியாகப் போவது, பெரியவர்களை யார் அழைத்துப்போவது, எந்த அறிவிப்பு வந்தால் புறப்படுவது என்று முடிவு செய்யுங்கள். உம்மாவையும் வாப்பாவையும் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். முன்பே கேட்டால்தான் அந்த நேரத்தில் மறுக்கமாட்டார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து, இனி ஒலிபெருக்கியோடு நிறுத்தமாட்டோம். தெருவுக்கு இருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். இத்தாவில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர் உள்ள வீடுகளின் பட்டியலை எடுத்துவருகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி யாரும் இருந்தால், மஃரிபுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அன்றிரவு எங்களிடம் இல்லாமல்போனது அந்தப் பட்டியல்தான்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.