கல்லூரி மாணவர் திரட்டும் ஊர்த் தகவல் ஆய்வாகுமா?

கேள்வி: சமூக அறிவியல் மாணவர்களைக் கள ஆய்வுக்கு அனுப்புவது வெறும் மதிப்பெண் சடங்குதானா?

பதில்: சடங்காகவே முடிந்துவிடும் துறைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. அங்கு 1915இல் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாநிரலை, அதாவது எல்லா ஊரிலும் ஒரே வகையில் கேட்கப்படவேண்டிய கேள்விகளின் தொகுப்பைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் அறிந்த ஊர்களின் நில உடைமை, குத்தகை, கூலி, கடன் ஆகியவற்றைப் பதிவுசெய்யச் சொன்னார். அவ்விவரங்கள் 1918இல் நூலாயின. மாணவர்களில் பலர் நிலமுடைய குடும்பத்தினர் என்பதால், சேரியிலிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்பது அப்பதிவுகளில் மங்கலாகவே இருந்திருக்கும். எனினும் இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி, பாலக்குறிச்சி ஆகிய ஊர்களுக்கு 1930களில் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். இவ்வாறு ஒரே ஊரைக் காலம் கடந்து திரும்ப அளக்கும் மறு ஆய்வு இருவேல்பட்டில் இந்த நூற்றாண்டிலும் நடந்துள்ளது. வயலில் கூலி வேலையை மட்டும் நம்பியிருந்தவர்கள் எவ்வாறு அதிலிருந்து விலகினர் என்பதை அதனால்தான் தொடர்ச்சியாகக் காணமுடிகிறது.