கணினிக் கோப்புகளைப் பேணும் இரு பலக முறை

கணினியுடன் கூடவே வரும் கோப்பு முகாமைக் கருவியையே பெரும்பாலோர் கையாளுகின்றனர். வேறும் உள என்பதை நாமும் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. ஒருமுறை மாணவர் கட்டுரைகளைத் திருத்திய புதிய படியின்மேற் பழைய படியைப் பதித்து, இரு கிழமை உழைப்பை இழந்தோம். 'மாற்றவா?' எனக் கருவி வினவியபோது சிந்தியாது ஆமென்றவர் நாமே. ஆயினும் எது மூலம், எது சேருமிடம் என்பது ஒற்றைச் சாளரத்தில் எமக்குப் புலப்படவில்லை.

இதற்கு மருந்து முன்னரே உண்டு. 1986 இல் ஜோன் சோச்சா ஆக்கிய நோட்டன் கொமாண்டர் திரையை இரு பலகங்களாகப் பகுத்தது. ஒன்றில் மூலம், மற்றதிற் சேருமிடம். அம்முறையைத் தழுவி மெக்சிக்கோ நாட்டவரான மிகேல் டி இக்காசா 1994 இல் மிட்நைட் கொமாண்டரை ஆக்கினார். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. மைக்ரோசொப்ற் நிறுவனமுந் தனது பழைய கோப்பு முகாமைக் கருவியின் நிரலை 2018 இல் திறந்துவிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நாம் இப்போது கையாளுவது டபிள் கொமாண்டர். வின்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் இயங்கும் இதற்கு விலையில்லை, நிரலுந் திறந்ததே. எஃப் 5 விசை படியெடுக்கும், எஃப் 6 இடம்மாற்றும். தொடக்கத்தில் இவ்விசைகள் கைக்குப் பழகா. மாணவர் எம்மினும் விரைவிற் பழகிவிடுவர். எமக்கு மிகப் பயன்பட்டது இரு கோப்புறைகளை ஒப்புநோக்கும் வசதியாகும். இருபுறத்துக் கோப்புகளையும் நிரைப்படுத்தி, எது எத்திசையிற் செல்லவேண்டுமென அது அம்புக்குறியாற் காட்டும். அக்குறிகளை ஒவ்வொன்றாக நோக்கிய பின்னரே ஆணையிடுதல் வேண்டும். அவசரப்படுவோரை இக்கருவியுங் காவாது. பழைய கருவியை அகற்றவேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்.