டிராக்டர் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்தால்...



குழுவாகச் சேர்ந்து பழைய டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடும் ஊர்களில் இதைப் பார்க்கலாம். வண்டி களத்துமேட்டில் நிற்கும். பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்கும். கேட்டால், "கேபிள் அறுந்துடுச்சுக்கா, அதான் கல்லு வச்சிருக்கேன்ல" என்பார் டிரைவர். கியரில் போட்டு நிறுத்தினாலும் முழுசா நம்ப முடியாது. தேய்ந்த இன்ஜினில் அமுக்கம் கசியும், வண்டி சரிவில் மெல்ல மெல்ல நகரும். அந்த வண்டி நிழலில்தான் நம்ம பிள்ளைகள் விளையாடுது.

வேலையை மெக்கானிக்தான் செய்யப் போகிறார். ஆனால் காசு குழுவுடையது. பக்கத்தில் நின்று என்ன பார்க்கணும் என்று தெரிந்துகொள்வோம்.

எல்லா டிராக்டரிலும் கேபிள் இருக்காது. பலதில் கால் பிரேக்கை அமுக்கி ஒரு கொக்கியை மாட்டுவார்கள், அவ்வளவுதான். அதில் கொக்கியின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம்ம வண்டியில் எது இருக்கு என்று முதலில் கேளுங்கள்.

கேபிள் வண்டியாக இருந்தால் சமதரையில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடணும். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்கணும். இதைச் செய்யாமல் யாரும் அடியில் படுக்கக் கூடாது, அவசரம் என்றாலும்தான்.

கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு பின் இருக்கும். அது கழன்றுவிடாமல் ஒரு சின்னக் கம்பிப் பின் பிடித்திருக்கும். அதை எடுத்து, லாக் நட்டைத் தளர்த்தினால் கேபிள் வந்துவிடும். கழற்றும் முன் அது எந்த வழியாகப் போகிறது என்று நல்லாப் பார்த்து வையுங்கள். பழைய கேபிளைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், உறை நீளம், உள்கம்பி நீளம், முனை மூன்றும் ஒத்துப் பார்த்துத்தான் வாங்கணும். பைக் கிளட்ச் ஒயரை மாட்டுவது, அறுந்ததைக் கட்டுக்கம்பியால் முடிவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அது வண்டி எடையைத் தாங்காது.

ஏன் அறுந்தது என்றும் கேளுங்கள். உறை வெடித்து சேற்றுத் தண்ணீர் இறங்கி, உள்கம்பி துருப்பிடித்திருக்கலாம். இல்லை, பிரேக் பக்கத்து லீவரே துருவில் இறுகி இருக்கலாம். லீவர் கையால் அசையவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால், அதுவும் அறுந்து போகும். காசு தண்டம்.

மாட்டும்போது சைலன்சர் சூடு படாமல், டயரில் உரசாமல், முறுக்காக வளையாமல் போகணும். கம்பிப் பின் புதுசாப் போட்டு, இரண்டு காலையும் விரிக்கணும். பழையதையே நிமிர்த்திப் போட்டால் ஒருநாள் ஒடிந்து விழும். முதலில் கால் பிரேக்கை செட் பண்ணிட்டு அப்புறம்தான் கேபிளை இறுக்கணும். ரொம்ப இறுக்கினால் லீவரை இறக்கின பிறகும் பிரேக் உரசிக்கிட்டே இருக்கும், டீசலும் அதிகம் குடிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, பிரேக் பக்கம் கையைக் கிட்டே கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது.

அப்புறம் சோதனை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, லேசான சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு சாண் கீழே கட்டை வைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கால் பிரேக்கை மெதுவாக விடட்டும். கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வண்டி நகரவில்லை என்றால் சரி. லோடு டிரெய்லரோடு நிற்கும்போது மட்டும் கட்டை எப்போதும் வேண்டும். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது.

பில்லோடு பழைய கேபிளையும் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாட்டிய தேதி வண்டி நோட்டில் ஏறட்டும். ஒவ்வொரு சேற்றுழவு முடிந்ததும் கேபிளைக் கழுவித் துடைத்து, உறை வெடித்திருக்கா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கிரீஸ் தடவி வையுங்கள்.