பழைய ஏர் ரைபிள் வாங்கும் முன்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்து, பள்ளியில் படிக்கும் பிள்ளை "நானும் சுடணும்பா" என்று கேட்டால், கொச்சியின் தேவராவில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் முதலில் விலையைத்தான் விசாரிக்கும். ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ செய்த புதுப் போட்டித் துப்பாக்கி லட்சங்களில் நிற்கும். அப்போதுதான் செகண்ட் ஹேண்ட் என்ற எண்ணம் வருகிறது. அது நல்ல எண்ணமே. எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழசு வாங்கிச் சரிசெய்வது ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் சுடுகிறவர்கள் பழைய ரீலோடிங் பிரஸ் வாங்கி, காலித் தோட்டாக்களில் மருந்து நிரப்பி, அதையே மாதக்கணக்கில் சீர்செய்து கொண்டிருப்பார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 50 மீட்டர் போட்டியில் பயன்படும் .22 தோட்டாவை மறுபடி நிரப்பிச் சுடும் வழக்கமும் எங்கும் இல்லை. நம் ஊரில் ஒருவர் பழையதாக வாங்கி, கைப்பட நுணுக்கமாகச் சரிசெய்யக்கூடிய சுடுகருவி என்றால் அது 10 மீட்டர் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும்தான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். ஆனாலும் விற்பனை ரசீதில் வரிசை எண் இருக்கட்டும், பத்திரமாகவும் இருக்கட்டும்.

ரைபிளா, பிஸ்டலா?

துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. ரைபிளுக்குக் கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, தனிக் காலணி, கையுறை எல்லாம் வேண்டும். அவை உடம்பு அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் ஜாக்கெட் சின்னதாகிவிடும். கொச்சியின் ஏப்ரல் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு 60 குண்டு சுடுவதும் லேசான காரியமல்ல. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவது இந்த ரைபிள் பிரிவில்தான்.

பிஸ்டலுக்குத் தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணி போதும். 1,500 கிராம் எடைக்குள் இருக்க வேண்டும், டிரிகர் குறைந்தது 500 கிராம் எடை தாங்க வேண்டும் என்பன முக்கியமான விதிகள். மொத்தச் செலவு குறைவு. ஆனால் ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். முதல் ஆறு மாதம் மதிப்பெண் ஏறாமல் பிள்ளை சோர்ந்துபோக வாய்ப்பு அதிகம். கையில் பணம் குறைவாகவும் பொறுமை நிறையவும் இருந்தால் பிஸ்டலை எடுங்கள்.

மூன்று வகை இயக்கம்

ஸ்பிரிங் வகை: பழைய சந்தையில் பேர் பெற்றது ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். சுடும்போது மேல்பாகம் முழுவதும் தண்டவாளத்தில் சறுக்குவது போலப் பின்னே நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடும். காற்று நிரப்பும் வேலையே இல்லை. பேரல் நன்றாக இருந்தால் இன்றும் துல்லியமாகச் சுடும். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் வயதானால் பொடிந்து போகும். அவற்றை மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் இது அலமாரிப் பொருளாகிவிடும்.

ஒற்றை பம்பு வகை: ஃபைன்வெர்க்பாவ் 600 முதல் 603 வரை, வால்தர் எல்ஜிஆர் போன்றவை. பக்கத்து நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று சேர்ந்துவிடும். சிலிண்டரும் தனிக் கைப்பம்பும் தேவையில்லை, உதைப்பும் இல்லை. வீட்டிலேயே பத்து மீட்டர் அளந்து பயிற்சி செய்பவருக்கு இதைவிடத் தொல்லையில்லாத கருவி கிடைக்காது. குறை என்னவென்றால், ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோல் இழுக்கப் பலம் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முப்பது குண்டிலேயே தோள் களைத்துவிடும்.

சிலிண்டர் வகை: இன்று சர்வதேசப் போட்டிகளில் காண்பது இதுதான். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும் இந்த வகை ரைபிளால்தான். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால் ஒரு போட்டிக்குத் தாராளமாக வரும். இழுக்கப் பலம் வேண்டாம், உதைப்பு இல்லை. ஆனால் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. சர்வதேச விதிப்படி செல்லுபடிக் காலம் அதிகபட்சம் பத்து ஆண்டு. தேதி சிலிண்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழசாக ஆக விலை ஏறும். இங்கே பழசாக ஆக இறங்கும். தேதி முடிந்த சிலிண்டரோடு வரும் ரைபிளுக்குப் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்குச் சிலிண்டர் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டபிறகே முன்பணம் கொடுங்கள்.

நான்காவது வழியும் உண்டு: பிரிசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்பில் புதுசு. மாவட்ட, மாநில அளவில் ஓபன் சைட் (திறந்த குறிகாட்டி) பிரிவில் தொடங்கும் பிள்ளைக்கு இது போதும். உத்தரவாதமும் உதிரிபாகமும் உள்நாட்டிலேயே கிடைக்கும்.

கொச்சிக் காற்றும் காற்றுத் துப்பாக்கியும்

கோயம்புத்தூரில் இருப்பவருக்குச் சொல்லும் யோசனை தேவராவுக்கு அப்படியே பொருந்தாது. காயலும் கடலும் பக்கத்தில். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் சுவரே வியர்க்கும். இரண்டு விஷயங்களில் இது நேரடியாகப் பாதிக்கும்.

முதலாவது துரு. விற்பவர் பெட்டியைத் திறந்ததும் துப்பாக்கியின் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். திருப்பி, ஸ்பான்ஜில் படிந்துகிடந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரத்தை ஸ்பான்ஜ் பிடித்து வைத்துக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகள் முதலில் வருவது அங்கேதான். பிறகு பேரலின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் கீறலோ குழியோ இருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். அதைச் சரிசெய்வது வீட்டில் ஆகிற வேலையல்ல.

இரண்டாவது, சிலிண்டருக்குள் போகும் ஈரம். கைப்பம்பால் நிரப்பினால் இந்த ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும். உள்ளே துரு, வால்வில் கசிவு. முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் பெரிய சிலிண்டரில் உலர்ந்த காற்றை வாங்கி, அதிலிருந்து நிரப்புவதே நல்லது. ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்கும் இணைக்கக் கூடாது, வெடிக்கும்.

பிஸ்டலில் மின்னணு டிரிகர் உள்ளதும் உண்டு, வெறும் இயந்திர டிரிகர் உள்ளதும் உண்டு. பழசு வாங்குபவர், அதுவும் இந்த ஈரத்தில், இயந்திர டிரிகரை எடுப்பது நிம்மதி. தோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவிலேயே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் வீணானது. உலகத் தரக் கருவிக்கே அப்படி நேரும்போது, எளிதில் பழுதுபார்க்க முடிகிற அமைப்பே சாமானியருக்கு ஏற்றது.

வாங்கும் அன்று

சிலிண்டரை நிரப்பி, காட்டி முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு ராத்திரி வைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் சீல் மாற்ற வேண்டும். வேகமானி வைத்திருக்கும் கிளப்பில் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். ரைபிளுக்கு நொடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகம் சரி. அதைவிட முக்கியம், குண்டுக்குக் குண்டு வேகம் மாறாதிருப்பது. ஏறி இறங்கினால், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். கடைசியாக, துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி ஐந்து குண்டு சுடுங்கள். அட்டையில் ஒரே ஓட்டை விழ வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் திருகாணியையும் திருகும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வரிசை இதுதான்.

முதலில் உடம்புக்குப் பொருத்தம். ரைபிளில் பட் பிளேட், கன்னத்துண்டு, கைப்பிடி; கண்ணை மூடிக் குறிநிலைக்கு வந்து, திறந்தால் பார்வை பின் துளையின் நடுவில் இருக்க வேண்டும். பிஸ்டலில் மரப்பிடி முந்தைய ஆளின் கைக்குச் செதுக்கியிருக்கலாம்; அதை அரத்தால் தேய்ப்பதா, வேறு வாங்குவதா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள்.

இரண்டாவது டிரிகர். முதல் இழுப்பின் நீளம், எடை, இரண்டாம் இழுப்பின் எடை ஆகியவற்றுக்குத் தனித்தனி திருகாணி இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கால் சுற்றுத் திருப்பி எழுதி வையுங்கள். பிஸ்டலில், நிமிர்த்திப் பிடித்து 500 கிராம் எடையை டிரிகரில் தூக்கிப் பாருங்கள். விடுபட்டால் போட்டியில் அனுமதி இல்லை. உள்கொக்கியின் பிடிப்பைக் குறைக்கும் திருகாணியை மட்டும் தொடாதீர்கள். தானாகச் சுட்டுவிடும் ஆபத்து அதில்தான்.

மூன்றாவது பெல்லட். ஒரே பெயரில் 4.48 முதல் 4.52 மி.மீ. வரை தலை அளவுகள் உண்டு. ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும். பிடிப்பானில் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஈய பெல்லட் டப்பாவை ஈரத்தில் திறந்து வைத்தால் வெள்ளைப் பொடி பூக்கும். சுட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குறிகாட்டியின் கிளிக்குகளைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

முடிவாக

காற்று நிரப்பும் வசதியுள்ள கிளப்பில் பிள்ளை சேர்ந்திருந்தால், குறைந்தது ஐந்து வருடத் தேதி மீதமுள்ள சிலிண்டர் வகை வாங்குங்கள். வசதி இல்லை, வயது பதினாறைத் தாண்டிவிட்டது என்றால் ஒற்றை பம்பு. ஆர்வம் நிலைக்குமா என்றே தெரியவில்லையா? ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுடட்டும். எதுவும் வாங்க வேண்டாம். எந்த வகையானாலும் கையிலுள்ள பணத்தை முழுக்கத் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். ஒரு வருடத்துக்கான பெல்லட்டுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் பேரம் பேசுங்கள்.