பிளம்பர் வண்டிக்குள்ள எவ்வளவு பணம் கிடக்கு? ஒரு நாலு சக்கரக் கடையோட கணக்கு

சொந்தத் தொழில் வரிசையில இதுவரைக்கும் கடை வச்சிருக்கவங்களுக்குத்தான் ஸ்டாக் கணக்கு சொல்லியிருக்கோம். ஆனா குட்டி யானையோ ஆம்னியோ வச்சு வேலைக்கு ஓடுற பிளம்பருக்கும் ஒரு கடை இருக்கு. அது அவரோட வண்டியின் பின்பக்கம். அந்தக் கடைக்கு ஷட்டர் இல்ல, கல்லா இல்ல, ஸ்டாக் நோட்டும் இல்ல. அதனாலதான் அதுல போற பணம் கண்ணுக்குத் தெரியறதில்ல. வீடியோவுல வண்டியைத் திறந்து காட்டியிருந்தோம். இங்க கணக்கை மட்டும் நிதானமா பார்ப்போம்.

25 ரூபாய் எல்போ 228 ரூபாய் ஆவது எப்படி?

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உங்க ஒரு நாள் சம்பாத்தியம் 1,500 ரூபாய், ஹெல்பர் கூலி 700 ரூபாய், வேலை நேரம் 8 மணி. அப்போ உங்க ஒரு மணி நேரம் 187 ரூபாய் 50 காசு. ஹெல்பரோடது 87 ரூபாய் 50 காசு.

கஸ்டமர் வீட்டு பாத்ரூம்ல சுவரை உடைச்சாச்சு. முக்கா இஞ்ச் எல்போ ஒண்ணு குறையுது. வண்டியில எங்கயோ இருக்கு, ஆனா மூட்டைக்குள்ள கை விட்டா கிடைக்கல. ஹார்டுவேர் கடைக்குப் போய்ட்டு வர 40 நிமிஷம். உங்க நேரம் 125 ரூபாய், ஹெல்பர் சும்மா உக்காந்திருந்தது 58 ரூபாய், பெட்ரோல் ஒரு 20 ரூபாய். மொத்தம் 203. எல்போ விலை 25ஐ சேர்த்தா 228 ரூபாய்!

வாரத்துக்கு நாலு தடவை இப்படி ஓடினா 812 ரூபாய். வருஷத்துல 48 வாரம் வேலைன்னு வச்சாலும் 38,976 ரூபாய். ஒரு பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ் அளவுக்கு வருது பாருங்க. உங்க ஊர் கூலியைப் போட்டு நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாருங்க.

எதை எதோட கலக்கக் கூடாது

பல வண்டியில சிபிவிசி, யுபிவிசி ஃபிட்டிங்ஸ் எல்லாம் ஒரே சாக்குல கிடக்கு. ரெண்டுலயும் "முக்கா இஞ்ச்"னுதான் சொல்றோம், ஆனா வெளி விட்டம் வேற. முக்கா இஞ்ச் சிபிவிசி பைப் சுமார் 22 மி.மீ., யுபிவிசி சுமார் 27 மி.மீ. ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. அவசரத்துல மாத்தி எடுத்துட்டு மூணு மாடி ஏறினா, திரும்ப இறங்கத்தான் வேணும். அதனால முதல் பிரிவினை அளவு வாரியா இல்ல, பைப் வகை வாரியா இருக்கணும். அதுக்குள்ளதான் அரை, முக்கா, ஒண்ணுன்னு பிரிக்கணும்.

இதுக்கு பெரிய செலவு வேண்டாம். மளிகைக் கடையில காலியாகுற பிளாஸ்டிக் மிட்டாய் டப்பா போதும், உள்ள என்ன இருக்குன்னு வெளியவே தெரியும். ஆயிரக்கணக்குல கொடுத்து இ.எம்.ஐ.ல ரேக் வாங்குறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பழைய பிளைவுட்ல ரெண்டு தட்டு, டப்பா சாயாம முன்னால ஒரு பட்டை, அவ்வளவுதான். கனமான பைப் ரென்ச், டிரில்லிங் மெஷின் எல்லாம் கீழ்த் தட்டுல.

சால்வென்ட் டப்பாவை மட்டும் தனியா, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்துல வைங்க. தீப்பிடிக்கிற சரக்கு அது. மூடி லூசா இருந்தா கெட்டியாகிடும். கெட்டியானதை வச்சு ஒட்டின ஜாயின்ட் கசிஞ்சா, மறுபடி போய் இலவசமா வேலை பார்க்கணும். கார்ட்லெஸ் மெஷின் பேட்டரியையும் மத்தியானம் மூடின வண்டிக்குள்ள விடாதீங்க, சூட்டுல அதோட ஆயுசு குறையும்.

எவ்வளவு வைக்கணும்?

ரெண்டு பாக்கெட் முறை சுலபமானது. தினமும் ஓடுற சாமான் 10 வாங்கினா, 5 டப்பாவுல, 5 கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிச்சு பின்னால வைங்க. டப்பா காலியாகி கவரைப் பிரிக்கிற அன்னைக்கே, கடைக்குப் போற லிஸ்ட்ல எழுதிடணும். எண்ணிப் பார்க்கவே வேண்டாம். டெஃப்லான் டேப், ஆங்கிள் காக், கனெக்ஷன் ஹோஸ், முக்கா இஞ்ச் எல்போ, டீ இதுக்கெல்லாம் இந்த முறை சரியா வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தேவைப்படுற ரெண்டு இஞ்ச் பால் வால்வை வண்டியில தூக்கிட்டுச் சுத்த வேண்டாம். அதுக்குத்தான் கடை இருக்கு.

இன்னொரு ஓட்டை, பில்லுல ஏறாத சாமான். கிளாம்ப் ரெண்டு, ஸ்க்ரூ நாலு, டேப் ஒண்ணு. "சின்னதுதானே"ன்னு விட்டுடுறோம். ஒரு வேலைக்கு 35 ரூபாய், ஒரு நாளைக்கு மூணு வேலை, மாசம் 25 நாள்னா 2,625 ரூபாய் நீங்க கஸ்டமருக்குக் கொடுத்த அன்பளிப்பு. வேலைக்குப் போகும்போது தேவையானதை ஒரு சின்ன டிரேயில எடுத்துட்டுப் போங்க. எடுத்ததுல திரும்பாதது எல்லாம் பில்லு. எங்களைக் கேட்டா, வண்டியை அடுக்குறதுல முதல் லாபமே இதுதான்.

டூல்ஸுக்கும் அதே டிரே உதவும். ஸ்பேனர், கட்டிங் பிளேயர் பிடியில எல்லாம் ஒரே கலர் பெயின்ட் அடிச்சு வச்சா, கிளம்பும்போது கஸ்டமர் வீட்டு மூலையில கிடக்குறது கண்ணுல படும். வண்டி இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ள இருக்குற மெஷின் திருடு போனா சாதாரண பாலிசியில கிளெய்ம் கிடைக்கும்னு நம்பி இருக்காதீங்க. விலை கூடின மெஷினை ராத்திரி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடணும்.

மூட்டைக்குள்ள தூங்குற பணம்

ஒரு ஞாயித்துக்கிழமை மொத்தத்தையும் தார்ப்பாயில கொட்டுங்க. ஆறு மாசமா கை படாததை ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கின விலையைப் போட்டுக் கூட்டுங்க. 9,000 ரூபாய் வருதுன்னு வைங்க. அதே நேரத்துல நீங்க தண்டல் பணம் 9,000 கையில வாங்கி, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டிட்டு இருக்கலாம். "வட்டி ஆயிரம் ரூபாதானே"ன்னு தோணும். ஆனா கடன் தினமும் குறையுது, சராசரியா பாதிப் பணம்தான் உங்க கையில இருக்கு. அந்தக் கணக்குல வருஷ வட்டி 80 சதவீதத்தை ஒட்டி வருது. ஒரு பக்கம் 80 சதவீத வட்டி, இன்னொரு பக்கம் அதே அளவு பணம் சாக்கு மூட்டையில தூங்குது.

பில்லும் பாக்கெட்டும் இருக்குறதைக் கடைக்காரர்கிட்ட கொடுத்துப் பாருங்க. பழகின கடைன்னா பலர் திரும்ப எடுத்துட்டு, அடுத்த சாமான்ல கழிச்சுக்குவாங்க. பில் இல்லாததைத் தெரிஞ்ச இன்னொரு பிளம்பருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பரவாயில்ல. வர்ற பணத்தை வச்சு அடுத்த தண்டலை எவ்வளவு குறைச்சு வாங்கலாம்னு பாருங்க.