சீனக் காப்புரிமையை இயந்திரம் வாசித்துச் சொன்னால்

“ஆங்கிலத்தில் தேடியாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. எனவே நம்முடையது புதுசுதான்.”

அப்படி முடிவுகட்டிவிட முடியாது. 2023-ல் உலகெங்கும் தாக்கலான காப்புரிமை விண்ணப்பங்கள் சுமார் 35 லட்சம். அவற்றில் 16 லட்சத்துக்கு மேல் சீனாவில் தாக்கலானவை. இந்தியச் சட்டமும் புதுமையை உலக அளவில்தான் அளக்கிறது. கோவையில் ஒருவர் வடிவமைத்த பம்புக்கு, ஜப்பானிய மொழியில் மட்டும் வெளியான ஒரு பழைய ஆவணம் குறுக்கே நிற்கலாம். ‘எனக்கு ஜப்பானியம் தெரியாதே’ என்று வாதாட முடியாது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட் தளத்தில் இயந்திர மொழிபெயர்ப்பு 2012 முதலே இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்காமல் விட இனிச் சாக்கு இல்லை.

“தேடுசொல்லை மொழிபெயர்த்துப் போட்டால் எல்லாம் வந்து விழும்.”

விழாது. காப்புரிமை எழுதுபவர்கள் பொருளின் புழக்கப் பெயரைத் தவிர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். பேனா அவர்களுக்கு ‘எழுதும் சாதனம்’. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் மாறாதது வகைப்பாட்டுக் குறியீடுதான். மையவிலக்குப் பம்பு என்றால் எஃப்04டி. முதலில் அதைப் பிடித்து, பிறகு சொற்களால் வடிகட்டுங்கள். இன்னொன்று: அதே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவிலும் விண்ணப்பித்திருந்தால் முழு ஆவணமும் ஆங்கிலத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்துமுன் அதே கண்டுபிடிப்பின் பிறநாட்டு விண்ணப்பங்களைக் காட்டும் ‘குடும்ப’ப் பட்டியலைப் பார்ப்பவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

“வாசகம் சரளமாக இருக்கிறது, அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும்.”

ஆபத்தான நம்பிக்கை இதுதான். பழைய இயந்திரங்கள் உளறின. உளறலே எச்சரிக்கையாகவும் இருந்தது. உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2016-ல் செயற்கை நரம்பு வலையில் இயங்கும் மொழிபெயர்ப்பு முறைக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். இப்போது தவறும் வழவழப்பாக வருகிறது. பழைய ஆவணங்கள் பல, படமாக எடுத்து எழுத்தாக மாற்றப்பட்டவை. அங்கே ஓர் எழுத்து பிசகினால், இயந்திரம் திகைத்து நிற்காது. அந்தப் பிசகுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வாக்கியத்தைக் கட்டிக் கொடுத்துவிடும்.

உரிமைகோரல் பகுதியில் சிக்கல் இன்னும் கூடும். ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியம்; சில சமயம் ஒரு பக்க நீளம். ‘இந்த மூன்று பாகங்களை உள்ளடக்கிய கருவி’ என்றிருந்தால், நீங்கள் நான்காவது பாகம் சேர்த்தாலும் உரிமை மீறல்தான். ‘இந்த மூன்று பாகங்கள் மட்டுமே கொண்ட’ என்றிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஜப்பானியத்தில் வழக்கமாக எழுதும் ‘கரநரு’ என்ற முடிப்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கும். இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்ததைச் சொல்லாமல் போய்விடும். தொழிற்சாலை தொடங்கலாமா என்பது அந்த ஒரு முடிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே நூறு ஆவணங்களில் தொண்ணூற்றைந்தை ஒதுக்குவதற்கு இயந்திரத்தை நம்பலாம். மிஞ்சும் ஐந்தின் உரிமைகோரல்களையாவது மனிதரிடம் கொடுங்கள். முழு ஆவணத்தையும் கொடுத்துச் செலவழிக்க வேண்டியதில்லை.

“இயந்திர மொழிபெயர்ப்பு சட்டத்தின் முன் செல்லாக்காசு.”

பாதி சரி. ஐரோப்பிய அலுவலகப் பரிசோதகர்கள் இயந்திரம் தந்த வாசகத்தை வைத்தே விண்ணப்பத்தை மறுக்கிறார்கள். அந்த வாசகத்தைத் தள்ள இலக்கணப் பிழை மட்டும் போதாது. பொருள் தவறு என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். அதே ஐரோப்பாவில் 2023 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள, பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லுபடியாகும் ஒருமைக் காப்புரிமைக்குக் கதை வேறு. இடைக்காலத்தில் அதற்கான கோரிக்கையோடு ஒரு மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். அது இயந்திரம் செய்ததாக இருக்கக் கூடாது. இயந்திரங்கள் போதிய தரத்துக்கு வரும்வரை, அதிகபட்சம் 12 ஆண்டுகள், இந்த ஏற்பாடு. அப்படி மனிதர்கள் செய்து தரும் மொழிபெயர்ப்புகள் எதற்குப் பயன்பட வேண்டும் என்றும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த ஐரோப்பியச் சட்டத்தின் முன்னுரை சொல்கிறது: இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுக்க.