மாத்திரை மனதை மாற்றும்போது: பொறுப்பதா, குறைப்பதா, மாற்றுவதா?

மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரங்கள்தான் பலருக்கும் கடினம். எசிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். படபடப்பும் எரிச்சலும் தூக்கமின்மையும் அதற்கு முன்பே வந்துவிடும். "மாத்திரை ஒத்துக்கல" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். தொந்தரவு லேசாக இருந்தால் பொறுத்துப் பார்ப்பதே நல்லது. டோஸைக் குறைத்துத் தொடங்கலாமா, காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

பொறுக்கவே கூடாத மாற்றங்களும் உண்டு. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாகத் தோன்றுவது இரண்டும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. சிறுவர்களிடம் நடந்த ஆய்வுகளில், மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. இதை வைத்தே 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 2007இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. டாக்டர் உடனே கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம்.

இன்னொரு ஆபத்து நல்ல செய்தி போலவே வரும். சோர்ந்து கிடந்த பிள்ளை திடீரென்று மூன்று மணி நேரத் தூக்கத்தோடு துள்ளுகிறான், ஓயாமல் பேசுகிறான், பணத்தை வாரி இறைக்கிறான். வீடே மகிழ்கிறது. ஆனால் அது இருமுனைக் கோளாறு வெளிப்படும் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் போன்ற மருந்து தேவைப்படும்.

அதிகம் பேசப்படாதது மரத்துப்போதல். அழுகை நின்றுவிடும், கூடவே சிரிப்பும் நின்றுவிடும். பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் உள்ளே எதுவும் அசையாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் இதைச் சொன்னார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எண்ணி டாக்டரிடம் இதை மறைப்பவர்கள் உண்டு. மறைக்க வேண்டியதே இல்லை, வழி இருக்கிறது.

முதலில் இது நோயின் மிச்சமா, மருந்தின் விளைவா என்று பார்க்க வேண்டும். குற்ற உணர்வும் நம்பிக்கையின்மையும் இன்னும் இருந்தால் நோய் முழுதாக விலகவில்லை. அங்கே டோஸைக் குறைப்பது தவறாகிவிடும். அவை நீங்கி, டோஸ் ஏற்றிய பிறகு வெறுமை வந்திருந்தால் மருந்தின் மேல் சந்தேகம் கூடும். அப்போது டாக்டர் முதலில் டோஸைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். போதவில்லை என்றால் மருந்தை மாற்றுவது.

மாற்று மருந்துகளில் ஒன்றான புப்ரோபியான் டோபமின், நார்அட்ரினலின் வழியாக வேலை செய்வதால் இந்த மரத்துப்போதல் குறைவு. பாலுறவு ஆசையையும் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் வலிப்பு அபாயத்தால் 1986இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, 1989இல் குறைந்த டோஸோடு திரும்பி வந்த மருந்து அது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், பட்டினி கிடப்பது, சாப்பிட்டு வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. பதற்றம் அதிகமுள்ளவருக்கு அதைக் கூட்டவும் செய்யும். மிர்ட்டாசபின் தூக்கமும் பசியும் தரும்: இளைத்து, உறங்காமல் தவிப்பவருக்கு வரம், எடையோடு போராடுபவருக்குச் சுமை.

எதைத் தேர்ந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் உடலைவிட்டு வேகமாக வெளியேறுபவை. சட்டென்று விட்டால் சில நாட்களிலேயே எரிச்சல், அழுகை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு வரும். நோய் திரும்புவதோ பெரும்பாலும் வாரங்கள் கழித்து, மெல்ல. ஃப்ளூவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால், அடிக்கடி மாத்திரை மறப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பானது. வேறு மருந்துக்கு மாறும்போது அதே காரணத்தால் டாக்டர் கூடுதல் இடைவெளி விடச் சொல்லலாம்.